மெரினா மணலில் நமக்கும் பங்கு உண்டு

சென்னைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டிய கடற்கரைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது மெரினாவில் தொடங்கும். பிறகு பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, கோவளம், மாமல்லபுரம் என்று தெற்கு நோக்கியே நடக்கும். துறைமுகத்தைத் தாண்டி வடக்கே திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் முகத்துவாரம் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் அதே வங்காள விரிகுடாதான் அலையடிக்கிறது. சூரியனும் அங்கே உதிக்கும் அதே நேரத்தில்தான் இங்கேயும் உதிக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் கடல் இருப்பதே பல பேருக்கு எண்ணெய் கொட்டியது, வாயு கசிந்தது என்று டிவியில் செய்தி வரும்போதுதான் ஞாபகம் வருகிறது.

என்னுடைய கட்சி இதுதான்: சென்னையின் கரையிலேயே பார்ப்பதற்கும் கேட்பதற்கும் சாப்பிடுவதற்கும் அதிக விஷயம் உள்ள கரை வடக்குக் கரை. அதை இன்னொரு மெரினாவாக மாற்றாமல், அது இருக்கிறபடியே சுத்தமாக வைத்து நாலு பேருக்குக் காட்ட வேண்டும். இதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. மணல் கணக்கு.

மதராசுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் இறக்கி, உடையும் அலைகளுக்குள்ளே புகுந்து கரைக்குக் கொண்டுவருவது படகோட்டிகளின் வேலை. 1870களின் நடுவில்தான் கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டித் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அதைப் போட்டு உடைத்தது. மறுபடியும் கட்டினார்கள். நம் கரையோரமாக மணல் சும்மா கிடப்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் வந்துவிட்டது. தெற்கேயிருந்து வந்த மணல் சுவரில் முட்டிக் குவிந்தது. மெரினா அகலமானது அப்படித்தான். 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயரும் வைத்துவிட்டார்.

சுவருக்கு வடக்கே இருந்த நமக்கு அலை மட்டும் வழக்கம்போல வந்தது, மணல் வரவில்லை. வாங்குகிற கடன் நின்றுபோய் வட்டி மட்டும் கட்டுகிற குடும்பம் மாதிரி, கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. குப்பங்களில் வயதானவர்களைக் கேட்டால், "அதோ அந்த அலை உடையுதே, அங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். வீடு, தெரு, கோயில், தென்னை எல்லாம் போனது. எண்ணூர் விரைவுச் சாலையை மழைக்காலத்தில் கடல் வந்து நக்கிப் பார்த்த நாட்கள் நம்மில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். பிறகு லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். அதற்கும் பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவற்றின் புண்ணியத்தில் இரண்டு வளைவுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேர்ந்து, இன்றைக்குப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் அளவுக்குச் சின்னச் சின்னக் கடற்கரைகள் திரும்பியிருக்கின்றன. மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பது நமக்கு வர வேண்டிய மணலின் மேல் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எந்தப் பொறியியல் பேராசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும்.

சரி, இங்கே பார்க்க என்ன இருக்கிறது? என் சம்பந்தி கோயம்புத்தூர்க்காரர். ஒரு தடவை வந்திருந்தபோது, "உங்க ஊர்ல பீச் இருக்குங்களா சம்பந்தி? இல்ல மெரினாவுக்கே போயிறலாங்களா?" என்று கேட்டார். பிறருடைய ஊர் விஷயத்தில் மரியாதையாகவே கேட்பது கொங்கு நாட்டுப் பழக்கம். நானும் மரியாதையாகவே, "காலையில நாலரைக்கு எழுந்திருங்க, காட்டறேன்" என்றேன்.

ராயபுரத்திலிருந்து தொடங்கினோம். ராயபுரம் ரயில் நிலையத்தை நாம் தினமும் பார்த்துப் பார்த்து மரத்துப்போய்விட்டோம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கேயிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. சென்ட்ரல், எழும்பூர் எல்லாம் அப்புறம் பிறந்த பிள்ளைகள். இந்தியாவில் இன்னும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். உயரமான தூண்கள் வரிசையாக நிற்கிற முகப்பு. வேறு ஊராக இருந்தால் டிக்கெட் போட்டுக் காட்டியிருப்பார்கள். இங்கே வாசலுக்குப் போவதற்கே லாரிகளுக்கு நடுவில் வழி தேட வேண்டும்.

ஊர்ப் பெயரே ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். ராயப்பர் என்பது புனித பேதுருவுக்கு நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர். அவரும் மீன் பிடித்தவர்தானே. அவர் பெயரில் உள்ள தேவாலயம் படகோட்டிகளின் கோயில். அலைக்குள் படகு தள்ளிய கூலியிலிருந்து எடுத்து வைத்த காசு அது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அரத்தூன் சாலையில் பார்சிகளின் அக்கினிக் கோயில், 1910-ல் கட்டியது. தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். பார்சிகளைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது, வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். நூறு வருடத்துக்கு மேலாக அந்தத் தீ அணையாமல் எரிகிறது என்றதும் சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டிலேயே கும்பிட்டார். ராபின்சன் பூங்காவையும் காட்டினேன். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பார்க்க வேண்டிய இடம்தான். இந்த மூன்றும் ஒரே பேட்டையில் நடை தூரத்தில் இருக்கின்றன.

காசிமேட்டுக்குப் போகும்போது வெளிச்சம் வந்துவிட்டது. உண்மையில் அங்கே விடியலுக்கு முன்பே போயிருக்க வேண்டும். ரயில் நிலையத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டை எழுத்தில் சொல்வது கஷ்டம். படகுகள் ஒன்றோடொன்று உரசி நிற்க, கூடை கூடையாக மீன் கை மாறிக் கரைக்கு வரும். ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தம், ஒரு பக்கம் ஏலம். ஏலம் கூறுகிறவர் என்ன சொல்கிறார் என்பது வெளியாளுக்குப் புரியாது. விரல் அசைவில் விலை முடிந்துவிடும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, கொடுவா, கிழங்கான், நெத்திலி, கடமா, ஆள் உயரத்துக்குச் சூரை. மீனே சாப்பிடாத சம்பந்தி, மியூசியத்தில் நடப்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கூடையாகப் பேர் கேட்டுக்கொண்டு நடந்தார். ஒரு அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பேரு மட்டும் கேட்டுனே கீற, எடுத்துக்கினு போ சார்" என்றாள். கடைசியில் என் வீட்டுக்கு என்று சொல்லி அரைக் கிலோ சங்கரா அவரே பேரம் பேசி வாங்கினார். பேரத்தில் தோற்றுப்போனார் என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், மரவேலை நடக்கும், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். மீன் வாங்க அது நல்ல காலம் இல்லை, ஆனால் ஒரு துறைமுகத்தைப் பார்க்க நல்ல காலம். அறுபதைத் தாண்டியவர்கள் ஓரமாக உட்கார்ந்து வலையின் கண்ணை விரலால் அளந்து முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதற்கு எந்த ஊரில் காசு கொடுத்தால் கிடைக்கும்?

சம்பந்தி கதையை இங்கே நிறுத்திவிட்டுத் திருவொற்றியூருக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தியாகராஜ சுவாமி கோயிலை நாம் "வடிவுடையம்மன் கோயில்" என்றுதான் சொல்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு இது கடற்கரைத் தலம் என்பதே தெரியாது. பெயரிலேயே கடல் ஒற்றிக்கொண்டு நிற்கிறது என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம், வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசம் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். கருவறை விமானம் யானையின் முதுகு மாதிரி பின்பக்கம் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று பெயர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கல்லால் எடுத்தவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கொத்தனாரின் பெயர் தெரிகிற கோயில் நம் ஊரில் இருக்கிறது. நேற்றுக் கட்டிய மேம்பாலத்தைக் கட்டிய மேஸ்திரியின் பெயர் யாருக்காவது தெரியுமா? பாணினியின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்க இங்கே தனி மண்டபம் இருந்ததையும் கல்வெட்டிலிருந்துதான் அறிகிறோம்.

இங்கே எண்ணெய் விற்று விளக்கேற்றிய கலிய நாயனார், மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்கு வாக்குக் கொடுத்து மணந்த சுந்தரர் என்று பெரிய புராணத்துக்கே நம் ஊர் ஒரு பேட்டை. சுந்தரர் கதையில் எனக்கு ஒரு குறும்பான சந்தோஷம் உண்டு. உன்னைவிட்டுப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வந்ததும் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போனது. ஒரு கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது, இன்னொன்று திருவாரூரில். திருவொற்றியூரை விட்டுவிட்டுத் தெற்கே போகிறவர்களுக்குப் பார்வை மங்குவது அப்போதே தொடங்கிவிட்டது என்று சுற்றுலாத் துறைக்காரர்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

சங்கீதக்காரர்களுக்கும் இது யாத்திரைத் தலம்தான். தியாகராஜ சுவாமிகளின் சீடர் வீணை குப்பையர் இந்த ஊரோடு சேர்ந்த பெயர். தியாகையர் இங்கே வந்து திரிபுரசுந்தரி மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளைத்தான் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்கிறோம். மார்கழி சீசனில் மயிலாப்பூர் சபாக்களில் அதைப் பாடும்போது தலையாட்டுகிற ரசிகர்களில் எத்தனை பேர் இந்தக் கோயில் பிரகாரத்தில் ஒரு தடவை நடந்திருப்பார்கள்? வள்ளலார் நடந்திருக்கிறார். வடிவுடை மாணிக்க மாலை அப்படிப் பிறந்ததுதான்.

கோயிலிலிருந்து கடலை நோக்கிப் போனால் பட்டினத்தார் சமாதி. பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்று சொல்லக்கேட்டு ஊர் ஊராக நடந்தவருக்கு அது இனித்த இடம் நம் கடற்கரை. அங்கே மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடி, தன்னைக் கூடையால் மூடச் சொல்லி, திறந்து பார்த்தால் லிங்கமாக இருந்தார் என்பது கதை. பெரிய கோடீசுவர வணிகர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடைசியாகத் தேர்ந்தெடுத்த பீச் இது. இதைவிட ஒரு சிபாரிசுக் கடிதம் கடற்கரைக்கு வேண்டுமா? சமாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அலைச் சத்தமும் விரைவுச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் சத்தமும் மாறி மாறிக் கேட்கும். பட்டினத்தார் அதற்கும் ஒரு பாட்டு வைத்திருப்பார்.

ஆலைகளையும் நான் காட்சியில் சேர்த்துத்தான் சொல்வேன். கோவாவுக்கும் லடாக்குக்கும் புல்லட்டில் போய்ப் படம் போடுகிற பிள்ளைகளுக்கு, இந்தியாவில் அந்த வண்டி 1955 முதல் உருவானது திருவொற்றியூரில் என்பது தெரியாது. எம்.ஆர்.எஃப். 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்கிற தொழிலாகத் தொடங்கியதும் இதே ஊரில். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில்தான் இன்றைக்கு விம்கோ நகர் ஸ்டேஷன். எண்ணூரில் அசோக் லேலண்ட். சங்கு ஊதினால் சைக்கிள்கள் ஆறு மாதிரி ஓடிய காலத்தைப் பார்த்தவர்கள் நாம். அந்தத் தொழிற்சாலைச் சுவர்களுக்கு வெளியே ஒரு பலகை வைத்து நாலு வரி எழுதினால் போதும், ஒரு தலைமுறையின் வரலாறு ரோட்டிலேயே படிக்கக் கிடைக்கும்.

இனி எண்ணூர். இதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் அழகும் அநியாயமும் ஒரே இடத்தில் இருப்பது இங்கேதான்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், அதற்கு உள்ளே விரியும் கழிமுகம், அலையாத்தி மரங்கள், உப்பளம், வடக்கே பழவேற்காடு வரை நீளும் உப்பங்கழி. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க வந்த இடம் எண்ணூர். கோட்டையில் வேலை பார்த்த துரைகள் இங்கே பங்களா வைத்துக்கொண்டு, படகு விட்டு, மீனும் சிப்பியும் தின்று திரும்பினார்கள். மதராசிலிருந்து இங்கே வர 1806-ல் காக்ரேன் என்பவர் கால்வாய் வெட்டினார். அதுவே பின்னால் நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் போனதைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருப்பார்கள். வேறு நாடாக இருந்தால் இந்த முகத்துவாரத்துக்கு எதிரே இன்று நட்சத்திர ஓட்டல்கள் இருந்திருக்கும். நமக்கு அனல்மின் நிலையங்கள் வந்தன. 1970-ல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் வடக்கே அதைவிடப் பெரியது வந்து சாம்பலையும் சுடுநீரையும் கழிமுகத்துக்குக் கொடுத்தது. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையில் சாப்பிட்ட குடும்பங்கள் என் தெருவிலேயே உண்டு. ஆனால் ஊர் முழுக்க ஏசி ஓட, சாம்பல் மட்டும் ஒரே ஆற்றில் விழ வேண்டும் என்று என்ன சட்டம்?

இன்றும் நீர் வற்றும் நேரத்தில் போனால் இருளர் பெண்கள் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, விரல்களுக்கே இறால் இருக்கும் இடம் தெரியும். இதை வேடிக்கை என்று நான் சொல்லவில்லை. ஒரு கலை என்று சொல்கிறேன். 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல்கள் மோதிக் கரியெண்ணெய் கரை ஒதுங்கியபோது, அதை பக்கெட்டில் அள்ளியதை உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில் புகுந்து, படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாக்களின் இறக்கை எல்லாவற்றிலும் அப்பியது. அதே மாதம் பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் எழுந்து ஓடினார்கள். இந்த மூன்றையும் மறைத்துவிட்டு எண்ணூரை அழகு என்று எழுதுகிறவன் பொய்யன். இந்த மூன்றை மட்டுமே எழுதுகிறவனும் முழு உண்மையைச் சொல்லவில்லை. டி.எம். கிருஷ்ணா இந்தக் கழிமுகத்தில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல் 2017-ல் வந்தபோது, அந்தப் படத்தைப் பார்த்த பல பேர் கேட்ட முதல் கேள்வி "இவ்வளவு தண்ணீர் இருக்கிற இடம் சென்னையிலா இருக்கிறது?" என்பதுதான்.

மாசி, பங்குனியில் இதே கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கில் அவை செத்து ஒதுங்கின. தெற்கே ஒதுங்கியதற்குப் பத்திரிகையில் படம் வந்தது. வடக்கே ஒதுங்கியதை அதிகாலையில் நடக்கப் போன நாம்தான் பார்த்தோம்.

இப்போது இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், அரசாங்கத்தின் கண் கடைசியில் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2024-ல் நான்காயிரம் கோடிக்கு மேல் மதிப்பிட்டுத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் சூரை மீனுக்கென்று மீன்பிடித் துறைமுகம் 2025-ல் திறந்தார்கள். கடற்கரைகளை அழகுபடுத்தப் போகிறோம் என்கிறார்கள். நல்லது, வரவேற்கிறேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபோது முதல் வாரமே ஏறி இறங்கியவன் நான். வயதான காலத்தில் படியேறாமல் தேரடியிலிருந்து ஊருக்குள் போகலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அழகுபடுத்துதல் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு 1985 ஞாபகம் வருகிறது. மெரினாவை அழகாக்க வேண்டும், கட்டுமரமும் வலையும் பார்வைக்கு இடைஞ்சல் என்று அகற்றப் போய், அந்த வருடக் கடைசியில் அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மீனவர்கள் செத்தார்கள். யாருக்கு அழகு? 2023 ஏப்ரலிலும் லூப் சாலையில் மீன் விற்ற பெண்களின் கடைகளை எடுத்தார்கள். அவர்கள் ரோட்டில் மீனைக் கொட்டி உட்கார்ந்த பிறகே பேச்சு நடந்தது, அப்புறம் மார்க்கெட் கட்டிக் கொடுத்தார்கள். அதே பாடத்தை நம் குப்பங்களில் முதலிலிருந்து படிக்க வேண்டாம். காசிமேட்டில் படகை எடுத்துவிட்டு செல்ஃபி வளைவு வைத்தால், அதைப் பார்க்க ஒருத்தரும் வர வேண்டியதில்லை. பெசன்ட் நகரில் அது ஏற்கனவே இருக்கிறது.

என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்ந்த இடங்களுக்கு ரோட்டிலிருந்து இறங்க ஒழுங்கான படி வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாமல் இரண்டு மூன்று இடத்திலாவது சிக்னலோ நடைமேம்பாலமோ வேண்டும். பாலம் என்றால் லிஃப்டோடு. கழிப்பறை வேண்டும், குப்பத்துப் பெண்களும் பயன்படுத்துகிற மாதிரி, பூட்டி வைக்காமல். ராயபுரம் நிலையத்தின் ஒரு ஓரத்தில் அதன் கதையைச் சொல்லும் இரண்டு அறை. குப்பங்களில் வலை காய வைக்கிற இடம், படகு ஏற்றுகிற இடம் எங்கே என்பதை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டுக் குறித்துவிட்டு, அதை விட்டு மற்ற இடத்தில் பெஞ்ச் போடட்டும். முகத்துவாரத்தைத் தூர்வாரி, கழிமுகத்தில் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கூடை சாம்பல் இனி விழாது என்பதை முதலில் உறுதிப்படுத்தட்டும். அது நடக்காமல் கரையில் எத்தனை கோடிக்கு டைல்ஸ் பதித்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும். கோவளத்துக்கு 2021-ல் நீலக் கொடி கிடைத்தது, சந்தோஷம். எண்ணூருக்குக் கொடி வேண்டாம், இறால் திரும்பி வந்தால் போதும் என்று காட்டுக்குப்பத்தில் ஒருவர் சொன்னார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

நாமும் கொஞ்சம் மாற வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கால் டாக்சி பிடித்து மெரினாவுக்கு அனுப்புவதை நிறுத்துவோம். ஞாயிறு காலை ஐந்து மணிக்கே காசிமேடு போய்விடுங்கள், ஏழுக்கு மேல் கூட்டம் தாங்காது. பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மெட்ரோவில் தேரடியில் இறங்கினால் கோயில் நடை சாத்துவதற்குள் தரிசனம் ஆகும். பட்டினத்தார் சமாதிக்கு வெயில் தணிந்து போவதே நல்லது. முகத்துவாரம் போகிறவர்கள் கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து எண்ணூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்; அங்கே கடலில் குளிக்க வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் காலை மேலூர்த் திருவுடையம்மன், மதியம் வடிவுடையம்மன், மாலை திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்கிறவர்கள் மேலூருக்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். சம்பந்தி அடுத்த கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கவசம் திறக்கும்போது வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று நாளும் வரிசை சன்னதித் தெருவில் நெடுந்தூரம் நிற்கும், முட்டி வலிக்காரர்கள் ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்துவிடுங்கள்.